14. சுவரில் பதினெட்டு, தண்ணீரில் இருபத்திரண்டு

"எத்தனை வருஷம்னு சொன்னே?"

"ரெண்டு வருஷம், அத்தை."

"எந்த ரெண்டு? என் பையன் ஃபேனைக் கழட்டிப் போட்டுட்டு 'ரெண்டே நிமிஷம்'னு சொல்வானே, அந்த ரெண்டா?"

"இல்ல அத்தை. நெஜமான ரெண்டு. முடிச்சதும் இந்த ஊர்லயே வேலை."

"படிப்புக்கு என்னமோ பேரு சொன்னியே?"

"மருத்துவ இயற்பியல்."

"டாக்டரா?"

"டாக்டர் இல்ல. கட்டிக்கு எவ்வளவு கதிர் குடுக்கணும்னு டாக்டர் எழுதுவாரு. மெஷின் அவ்வளவுதான் குடுக்குதான்னு அளந்து பாத்துக் கையெழுத்துப் போடுற ஆளு நான்."

முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவர் அத்தை.

"புரிஞ்சுது. பேசுறவங்க வேற ரெண்டு பேரு. நடுவுல லைன் சரியா இருக்கான்னு பாக்குறவ நீ."

"அதேதான் அத்தை!"

"அப்ப நான் பாத்த வேலைதான். எத்தனை ஊருக்கு லைன் போட்டுக் குடுத்திருக்கேன் தெரியுமா? அதுல ஒரு ஊரைக்கூடக் கண்ணால பாத்ததில்ல." அத்தை கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, படி. ரெண்டு வருஷம். மூணாச்சுன்னா நான் கட் பண்ணிடுவேன், ஆமா!"

அந்தப் பேச்சு நடந்து இரண்டு வருஷம் முடிய இன்னும் பத்து நாள்தான் பாக்கி.

பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவள், முப்பத்துமூன்று வயதில் வேலையை விட்டுவிட்டு, தன்னிடம் படித்த பிள்ளைகள் வயதுக்காரர்களோடு வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அவர்கள் வைத்த பெயர்தான் 'டீச்சர்'. ஒரே மாதத்தில் அந்தப் பெயர் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவி, அதே ஆஸ்பத்திரியில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் கணவன் வழியாக வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

இன்று கடைசிச் செய்முறைத் தேர்வு. டீச்சரின் கவலை அது மட்டும் இல்லை.

படிப்பு இரண்டு வருஷம்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி. அது இல்லாவிட்டால் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது. படிப்பில் சேர்ந்த முதல் வாரமே இது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. போன வாரம் குலுக்கல் நடந்தது. சொந்த ஊரில் இருந்த இரண்டு இடமும் வேறு இரண்டு பேருக்குப் போக, டீச்சர் கையில் வந்த சீட்டில் இருந்தது ரயிலில் எட்டு மணி நேரம் தள்ளி இருக்கும் ஓர் ஊர்.

போகிறேனா, இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் துறை அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும்.

அத்தையிடம் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, அந்த மூன்றாவது வருஷம். அதைக் கணவனிடம் மட்டும் மூன்று மாதம் முன்பு சொல்லியிருந்தாள். இன்னொன்று அவனுக்கும் தெரியாது.

* * *

"அடுத்த கேள்வி," என்றார் அத்தை. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் அட்டைக் கட்டு. டீச்சர் சொல்லச் சொல்ல அத்தையே முத்து முத்தாக எழுதிய கேள்வி அட்டைகள், முன்னூற்றுப் பன்னிரண்டு. தினமும் காலையில் அடுப்படியில் இருபது கேள்வி. டீச்சர் பதிலில் தடுமாறினால் அத்தை கரண்டியை உயர்த்தி, "லைன்ல இருங்க" என்பார். பதில் வரும்வரை அடுத்த அட்டைக்குப் போக மாட்டார்.

"தண்ணித் தொட்டியில வெச்சு ஏன் அளக்கறோம்?"

"உடம்புல பெரும்பங்கு தண்ணி. அதனால உடம்புக்குப் பதிலா தண்ணி."

"கரெக்ட். இந்தா, டிபன் டப்பா. ஏம்மா, கை ஏன் இப்படி ஈரமா இருக்கு?"

"பயம் வந்தா வேர்க்குது அத்தை. போன மாசம் மாதிரித் தேர்வுல பேனாவே வழுக்கி விழுந்துடுச்சு."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் அதைக் கேட்டான். டீச்சர் அவனைத் தொடர்ந்து வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, அத்தைகிட்டச் சொல்றேன்னு சொன்னீங்களே."

"இன்னிக்குச் சொல்லிடறேன்."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க."

"நேத்து அம்மாவுக்குத் தலைவலி."

"முந்தாநாள்?"

"முந்தாநாள் நல்ல சந்தோஷமா இருந்தாங்க. அதைப் போய் ஏன் கெடுப்பானேன்னு..."

"மூணு மாசமா உங்க அம்மாவுக்குத் தலைவலியும் சந்தோஷமும் மாறி மாறி வருது."

"டீச்சர், நீ பரீட்சையைக் கவனி. மத்ததை நான் பாத்துக்கறேன்." அவன் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டான். "எனக்குக் காலையிலயே ஒரு சின்ன வேலை இருக்கு."

அந்தச் சின்ன வேலை என்னவென்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வெள்ளைக் கோட்டை எடுக்க அத்தையின் அறைக்குப் போனவள், கட்டிலுக்கு அடியில் எதிலோ இடித்துக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். புத்தம் புதிய நீலப் பயணப் பை. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

இந்த வீட்டில் யார் எங்கே போகிறார்கள்?

* * *

கதிர் சிகிச்சை அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. கதவே ஒரு முழச் சுவர்போலக் கனம். நடுவில் பெரிய இயந்திரம். அதன் கீழே நேற்று மாலையே நிரப்பி வைத்த தண்ணீர்த் தொட்டி, அதற்குள் பென்சில் பருமனில் ஓர் அளவி. இயந்திரத்தை நூறு கொடுக்கச் சொல்ல வேண்டும். நூறுதான் கொடுத்தது என்று அளவி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

பத்து மணிக்கு முதல் நோயாளி உள்ளே வந்துவிடுவார். அதற்குள் முடித்தாக வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் குள்ளம், பெரிய கண்ணாடி. எந்தத் தவறுக்கும் முழு மதிப்பெண் குறைக்க மாட்டாராம். புள்ளி இரண்டு, புள்ளி இரண்டாகச் செதுக்குவாராம். அதனால் மாணவர்களிடையே அவர் பெயர் 'பாயின்ட் டூ'.

டீச்சருக்கு முன்னால் போனவன் வகுப்பில் எப்போதும் முதல் பெஞ்ச். பத்தே நிமிஷத்தில் நூறு காட்டிவிட்டு, இப்போது அவளுக்கு உதவியாளாக ஓரமாக நின்றான்.

எல்லோரும் கதவுக்கு வெளியே நின்று கதிரை விட, டீச்சர் அளவெடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அளவிக்குள் இருப்பது காற்று. சூடு ஏறினால் காற்று விரியும், குளிர்ந்தால் சுருங்கும். அதனால் வெப்பநிலையைப் பார்த்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லோரும் செய்வதுபோலச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தாள். பதினெட்டு. எழுதினாள். கணக்குப் போட்டாள்.

தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு.

மறுபடியும் அளந்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. மூன்றாவது தடவையும் அதேதான்.

"டீச்சர்," என்று முதல் பெஞ்ச் கிசுகிசுத்தான், "ரெண்டு பர்சென்ட் வரைக்கும் விட்டுடலாம்ல? எழுதிக் குடுத்துட்டு வாங்க."

"நேத்து சாயங்காலம் இதே மெஷின் எனக்கு நூறு குடுத்துச்சுப்பா."

"தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறுன்னா ஜுரமே இல்லாத உடம்பு டீச்சர். நல்ல சகுனம்."

"சும்மா இரு. உனக்கு மட்டும் எப்படி நூறு வந்துச்சு?"

"எப்பவும் போலத்தான். டெம்பரேச்சர் இருபத்திரண்டுன்னு எழுதினேன்."

"சுவரைப் பாத்தியா?"

"அதை யாரு பாக்கறா? இந்த ரூம் என்னிக்கு இருபத்திரண்டை விட்டு நகர்ந்திருக்கு?"

தேர்வாளர் அம்மாள் தொண்டையைக் கனைத்தார். மணி ஒன்பது ஐம்பது.

டீச்சர் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பேனா நின்றது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. பேனா வழுக்கவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை காய்ந்து, சில்லென்று இருந்தது. இவ்வளவு பயத்திலும் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

குளிர்கிறது! இந்த அறையில் இப்படி ஒருநாளும் குளிர்ந்ததே இல்லையே.

பேனாவை வைத்தாள். பெட்டியிலிருந்து இன்னொரு வெப்பமானியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டாள். ஒரு நிமிஷம் பொறுத்து எடுத்துப் பார்த்தாள்.

இருபத்திரண்டு.

"மேடம்," என்றாள். குரல் தானாகப் பள்ளிக்கூடக் குரலாகிவிட்டது. "மெஷின்ல குறை இல்ல. குறை என்கிட்டத்தான். அளவி இருக்கிறது தண்ணியில. நான் பாத்தது சுவரை. ரூம் இன்னிக்குக் காலையிலதான் திடீர்னு குளிர்ந்திருக்கு. காத்து சட்டுனு குளிரும், இருபத்தேழு லிட்டர் தண்ணி அவ்வளவு சீக்கிரம் குளிராது. தண்ணி இன்னும் இருபத்திரண்டுலயேதான் இருக்கு." திருத்திய கணக்கை நீட்டினாள். "நூறு."

தேர்வாளர் அம்மாள் கணக்கைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "முதல்லயே ஏன் தண்ணியைப் பாக்கல?"

"ஒன்பது வருஷமா இந்த ரூம் இருபத்திரண்டுலயே நிக்குது மேடம். சுவரும் தண்ணியும் எப்பவும் ஒண்ணுதான். அதனால சுவரைப் பாத்தே எழுதிப் பழகிட்டோம்."

முதல் பெஞ்ச் தன் ஷூவின் நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"சரி. சுவரை நம்பி, மெஷின்தான் கம்மியாக் குடுக்குதுன்னு ஏத்தி வெச்சிருந்தீங்கன்னா?"

"இன்னிக்கு வர்ற முப்பது பேருக்கும் அளவுக்கு மேல போயிருக்கும்."

"ம். ஒன்பது வருஷமா நகராத ரூமை இன்னிக்கு யாரு நகர்த்தினது?"

பதில் கதவு வழியாக வந்தது, தோளில் கருவிப் பையோடு, வாயெல்லாம் பல்லாக.

"டீச்சர், கூலிங் போதுமா? இன்னும் ரெண்டு கொறைக்கட்டா?"

"யாரு இவரு?" என்றார் தேர்வாளர் அம்மாள்.

"ஏ.சி. மெக்கானிக், மேடம்."

"பையைப் பாத்தாலே தெரியுது. யாருன்னு கேட்டேன்."

"என் வீட்டுக்காரர்," என்றாள் டீச்சர், தண்ணீர்த் தொட்டியிடம் சொல்வதுபோல.

மெக்கானிக்கின் சிரிப்பு மெல்லச் சுருங்கியது. "இல்லீங்க மேடம்... பயம் வந்தா அவளுக்குக் கை வேர்க்கும். பேனா வழுக்கிடும். அதான் எட்டு மணிக்கு வந்து கொஞ்சம் குளிர வெச்சேன். தப்பாயிடுச்சா?"

"அவங்களைக் கேட்டுட்டுச் செஞ்சீங்களா?"

"கேக்கலீங்க."

"ஏன்?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவாளேன்னுதான்."

தேர்வாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிப்பதை யாரும் பார்த்ததில்லை என்பதால், தோள் குலுங்கியது சிரிப்பா இருமலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தாளில் எழுதினார். எட்டிப் பார்த்த முதல் பெஞ்ச் வெளியே வந்து அறிவித்தான்: "டீச்சருக்குப் பாயின்ட் டூ தான் போச்சு. எனக்கு எட்டு தடவை பாயின்ட் டூ!"

ஆனால் டீச்சர் அதைச் சரியாகக் கேட்கவில்லை. கணவனின் ஒரு வாக்கியமே காதில் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவாளே.

இரண்டு வருஷமாக அவள் செய்துகொண்டிருந்ததும் அதுதானே?

* * *

அறை மறுபடி இருபத்திரண்டுக்கு வந்து, அன்றைய நோயாளிகள் எல்லோரும் முடித்துப் போன பிறகு, மாடிப்படி அருகே மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான். திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தான்.

"உங்களை என்ன பண்றது?" என்றாள் டீச்சர்.

"மன்னிச்சுடலாம்."

"முப்பது பேரு, தெரியுமா?"

"தெரியும். அந்த அம்மா அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கால் மணி நேரம் விளக்கிச் சொன்னாங்க. இனிமே அந்த ரூம் குமிழைத் தொடறதுன்னா எழுதிக் கேட்டுட்டுத்தான் தொடுவேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "கை வேர்க்கலைல்ல?"

கோபப்பட நினைத்தவளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. "வேர்க்கல."

"அப்ப வேலை நடந்திருக்கு."

"ஏங்க, இன்னிக்கு அத்தைகிட்ட நானே கேக்கப் போறேன்."

அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! "நீயேவா? பேஷ். அப்ப நான் ஏழு மணிக்கு மேல வீட்டுக்கு வந்தாப் போதும்ல?"

"இப்பவே வண்டியை எடுங்க. மணி மூணரை."

வழியெல்லாம் அவன் ஆறுதல் சொல்லிக்கொண்டே ஓட்டினான். அம்மா கத்தினால் கொஞ்ச நேரம் கத்துவார், அப்புறம் சரியாகிவிடும். அவனால்தான் வேலையை விட்டுவிட்டு உடன் வர முடியாது, அவன் இல்லையென்றால் அந்த அறை இருபத்திரண்டில் நிற்காது. ஆனால் மாதம் ஒரு தடவை ரயிலேறி வந்துவிடுவான். இங்கே அம்மாவும் அவனும் சமாளித்துக்கொள்வார்கள்.

'இங்கே அம்மாவும் அவனும்' என்ற இடத்தில் மட்டும் டீச்சர் இருமினாள்.

* * *

வீட்டுக்குள் நுழைந்ததும் இருவரும் அப்படியே நின்றார்கள்.

கூடத்து மேஜையின் மேல் அந்த நீலப் பை, வாய் திறந்து கிடந்தது. பக்கத்தில் அத்தையின் மடித்த புடவைகள், ஒரு கம்பளிப் போர்வை, அதன் மேல் கேள்வி அட்டைக் கட்டு. அத்தை மூக்குக் கண்ணாடியோடு ஒரு பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கேம்மா கிளம்புறீங்க?" என்றான் மகன்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல பரீட்சை என்னாச்சு?"

டீச்சர் சொன்னாள். சுவர், தண்ணீர், பதினெட்டு, இருபத்திரண்டு, பாயின்ட் டூ. மகன் கருவிப் பையோடு கதவைத் திறந்துகொண்டு வந்த கட்டத்துக்குக் கதை வந்ததும் அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஊர் உலகத்துல பொண்டாட்டிக்குப் பரீட்சைன்னா பேனா வாங்கிக் குடுப்பாங்க. இவன் குளிர்காலத்தையே வாங்கிக் குடுத்திருக்கான்!"

"போதும்மா."

"'தண்ணித் தொட்டியில வெச்சு ஏன் அளக்கறோம்?' காலையில கேட்டேனா இல்லையா?" என்று மருமகளைப் பார்த்தார் அத்தை. அந்தத் தேர்வில் தானும் தேறிவிட்ட பெருமை அவர் முகத்தில் இருந்தது.

"கேட்டீங்க அத்தை."

சுவர்க் கடிகாரம் நாலு பத்து காட்டியது. மெக்கானிக் மெதுவாகச் சமையலறைப் பக்கம் ஓர் அடி வைத்தான். டீச்சர் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன, லைன்ல சத்தமே காணோம்?" என்றார் அத்தை. "ரெண்டு பேரும் ஏதோ சொல்ல வந்துட்டு நிக்கறீங்க. பேசுங்க."

டீச்சரின் உள்ளங்கை நனைந்தது. இங்கே குளிர வைக்க யாரும் முன்கூட்டி வந்து போகவில்லை. பரவாயில்லை.

"அத்தை, நான் உங்ககிட்ட ரெண்டு வருஷம்னு சொன்னேன். இன்னும் ஒரு வருஷம் இருக்கு. பயிற்சி. அது முடிச்சாத்தான் கையெழுத்துப் போட முடியும். இங்க இடம் கிடைக்கல. எட்டு மணி நேரம் ரயில்ல போகணும். படிப்புல சேந்த முதல் வாரமே தெரியும். கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்து சொல்லல. அது என் தப்பு."

அத்தை பட்டியலை மேஜையில் வைத்தார். மூன்றாவது வருஷம் வந்தால் கட் பண்ணிவிடுவேன் என்று சொன்ன அதே முகம். அதில் இப்போது ஒன்றும் படிக்க முடியவில்லை.

மெக்கானிக் பெருமூச்சு விட்டான். "அவ்வளவுதாம்மா விஷயம். சொல்லியாச்சு. நானும் நீங்களும் இங்க—"

"இன்னும் முடியலங்க," என்றாள் டீச்சர்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"முன்னூத்திப் பன்னெண்டு அட்டை அத்தை. நீங்க அடுப்படியில நின்னு கேக்காட்டி நான் முதல் வருஷமே ஓடி வந்திருப்பேன். எத்தனையோ ஊருக்கு லைன் போட்டேன், ஒண்ணையும் கண்ணால பாத்ததில்லன்னு அன்னிக்குச் சொன்னீங்களே, அது எனக்கு மறக்கவே இல்ல. குலுக்கல்ல அந்த ஊர் வந்தப்ப, நான் அழுதேன்னு இவர் நெனச்சுக்கிட்டாரு. நான் வேற யோசிச்சுக்கிட்டிருந்தேன்." டீச்சர் ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து அத்தையின் கண்ணைப் பார்த்தாள்.

"டீச்சர், ஒரு நிமிஷம்..." என்றான் மெக்கானிக்.

"அத்தை, உங்க பையனை ஒரு வருஷம் இங்க தனியா விட்டுட்டு, என்கூட வருவீங்களா?"